‘எதிர்பாராத மாற்றங்கள்’: ஹார்மோன் மருத்துவப் பனுவல்களின் மொழி – ஒரு திறனாய்வு

0. முன்னுரை

மருத்துவ நூல்களைத் தமிழாக்குவோர் கலைச்சொற்களையே பெருஞ்சிக்கலாகக் கருதுவது வழக்கம். உறுப்புகளுக்கும் நோய்களுக்கும் மருந்துகளுக்கும் உரிய பெயர்கள் கிடைத்துவிட்டால் எஞ்சிய பணி எளிது என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால் கலைச்சொல் எனத் தோன்றாத பொதுச்சொற்களிலும் பிழைகள் நேர்கின்றன. அவை கண்ணில் படுவதும் அரிது. ‘எதிர்பாராத’ என்பது அத்தகைய சொற்களுள் ஒன்று.

திருநங்கையர் மேற்கொள்ளும், உடலைப் பெண்ணியல்புக்கு மாற்றும் ஹார்மோன் மருத்துவம் பற்றிய பேச்சிலும் எழுத்திலும் ‘எதிர்பாராத உடல் மாற்றங்கள்’ என்னும் தொடர் தலைப்பாக வருவதுண்டு. இம்மருத்துவத்தில் எஸ்ட்ரடையால் என்னும் ஈஸ்ட்ரோஜனும், பெரும்பாலும் அதனுடன் ஆண் ஹார்மோனின் செயலைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன், சைப்ரோட்டீரோன் அசிட்டேட் போன்ற மருந்துகளும் தரப்படுகின்றன. இவற்றால் நேரும் மாற்றங்களை விவரிக்கும் பனுவல்களுள் மூன்று வகை இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன: அமெரிக்காவின் எண்டோகிரைன் சொசைட்டி 2017-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறி, மருந்துகளுக்குரிய குறிப்பேடுகள், மருந்துப் பாதுகாப்புப் பற்றிய பன்னாட்டு நெறிமுறை. ஒரு மாற்றம் எதிர்பார்த்ததா அன்றா என்பதை உடல் முடிவு செய்வதில்லை, அம்மாற்றம் ஒப்பிடப்படும் பனுவலே முடிவு செய்கிறது என்பதும், அப்பனுவலை அறியாது பெயர்க்கும் மொழிபெயர்ப்பு வாசகருக்குக் கேடு விளைவிக்கக்கூடும் என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும்.

1. மறைந்த எழுவாய், மறைந்த காலம்

‘எதிர்பாராத’ என்பது எதிர்மறைப் பெயரெச்சம். ‘எதிர்பாராத மாற்றம்’ என்னும் தொடரில் ‘மாற்றம்’ செயப்படுபொருளாக நின்று பெயரெச்சத்தை முடிக்கிறது. எதிர்பார்க்க வேண்டிய எழுவாய் தொடரில் இல்லை. ‘மருத்துவர் எதிர்பாராத மாற்றம்’ என்றோ ‘அவள் எதிர்பாராத மாற்றம்’ என்றோ கூறத் தமிழ் இடந்தருகிறது. ஆயினும் அவ்வாறு கூறவேண்டும் எனக் கட்டாயப்படுத்துவதில்லை.

காலமும் இவ்வாறே மறைகிறது. உடன்பாட்டில் ‘எதிர்பார்த்த’, ‘எதிர்பார்க்கிற’, ‘எதிர்பார்க்கும்’ என மூன்று வடிவங்கள் உண்டு. எதிர்மறையில் ‘எதிர்பாராத’, ‘எதிர்பார்க்காத’ ஆகிய இரண்டும் காலம் காட்டா. நேற்று எதிர்பார்க்கப்படாதது இன்று எதிர்பார்க்கப்படலாம் என்னும் செய்தியை இவ்வடிவம் தன்னளவில் சுமக்க இயலாது.

மூன்றாவதாகப் பொருண்மைச் சாய்வு ஒன்றும் உண்டு. ‘எதிர்பாராத’ என்பது வழக்கில் ‘விபத்து’, ‘மரணம்’, ‘இழப்பு’ போன்ற பெயர்களுடன் மிகுதியும் இணைகிறது. ‘எதிர்பாராத பரிசு’ போன்ற தொடர்கள் இருப்பினும் சொல்லின் நிழல் தீமைப் பக்கமே விழுகிறது. ஆகவே ‘எதிர்பாராத மாற்றங்கள்’ என்னும் தலைப்பைக் காணும் தமிழ் வாசகர், ‘விரும்பத்தகாத மாற்றங்கள்’ எனப் பொருள் கொள்ள வாய்ப்புண்டு. இவ்விரண்டும் வேறு. விந்தணு உற்பத்தி குறைதல் எதிர்பார்க்கப்படும் மாற்றம். பின்னாளில் குழந்தை வேண்டுவோர்க்கு அது விரும்பத்தகாதது. தோலின் எண்ணெய்ப்பசை குறைவதைச் சிலர் எதிர்பார்த்திருக்கமாட்டார்கள், ஆயினும் வரவேற்கக்கூடும்.

2. எந்தப் பனுவல் எதிர்பார்க்கவில்லை?

மருந்துப் பாதுகாப்புத் துறையில் ‘எதிர்பாராத’ என்பதற்கு வரையறுத்த பொருள் உண்டு. மருந்து நெறிமுறைகளை ஒத்திசைவிக்கும் பன்னாட்டு மாநாடு 1994-இல் ஏற்ற நெறிமுறையின்படி, ஒரு பாதக விளைவின் தன்மையோ கடுமையோ அம்மருந்துக்கு உரிய தகவல் ஆவணத்துடன் பொருந்தாதபோது அவ்விளைவு எதிர்பாராதது எனப்படும். இவ்வரையறையில் நோயாளியின் மனநிலைக்கோ மருத்துவரின் வியப்புக்கோ இடமில்லை. நிகழ்வுக்கும் ஆவணத்துக்கும் உள்ள உறவு மட்டுமே கருதப்படுகிறது. இதனைத் தமிழில் ‘ஆவணத்தில் குறிக்கப்படாத விளைவு’ எனக் கூறுவதே பொருத்தம். ‘எதிர்பாராத விளைவு’ எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் வரையறை மறைந்து வியப்பு மட்டும் எஞ்சும்.

இனி, ஹார்மோன் மருத்துவத்தில் அந்த ஆவணம் எது என்னும் வினா எழுகிறது. அமெரிக்காவில் எஸ்ட்ரடையால் மாத்திரையின் குறிப்பேடு முதன்மையாக மாதவிடாய் நிற்கும் பருவத்துப் பெண்களைக் கருதி எழுதப்பட்டது. ஸ்பைரோனோலாக்டோனின் குறிப்பேடு இதயச் செயலிழப்பு, உயர் இரத்த அழுத்தம், நீர்க்கோவை ஆகியவற்றுக்கு உரியது. திருநங்கையர் இவ்விரு குறிப்பேடுகளின் உத்தேச வாசகர் அல்லர்.

இதன் விளைவைக் காட்ட ஓர் எடுத்துக்காட்டுப் போதும். ஆண்களுக்கு மார்பகம் பெருத்தலை ஸ்பைரோனோலாக்டோனின் குறிப்பேடு பாதக விளைவுகளின் பட்டியலில் சேர்க்கிறது. 2017-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறியோ மார்பக வளர்ச்சியை மருத்துவத்தின் பயன்களுள் ஒன்றாகக் காட்டுகிறது. நிகழ்வு ஒத்தது, ஒரு பனுவலில் ‘பக்க விளைவு’, மற்றொன்றில் ‘விளைவு’. மருந்துப் பெட்டியில் உள்ள தாளையும் மருத்துவர் தந்த கையேட்டையும் ஒருங்கே வைத்துப் படிக்கும் ஒருவர்க்கு இம்முரண் குழப்பம் தரும். இரண்டையும் தனித்தனியே செவ்வனே பெயர்த்த மொழிபெயர்ப்பாளர் இருவராலும் அதனைத் தீர்க்க இயலாது.

ஆய்வுக்கூட அறிக்கையும் இத்தகைய பனுவலே. ஹார்மோன் மருத்துவம் தொடங்கிய சில மாதங்களில் ஹீமோகுளோபின் அளவு பெண்களுக்குரிய வீச்சுக்குக் குறைகிறது. உலக நலவாழ்வு அமைப்பு இரத்தசோகைக்குக் கொள்ளும் எல்லை, ஆண்களுக்கு டெசிலிட்டருக்கு 13 கிராம். கருவுறாத பெண்களுக்கு 12 கிராம். 12.5 என்னும் அளவு, பதிவேட்டில் ‘ஆண்’ என இருந்தால் ‘குறைவு’ எனக் குறிக்கப்படும். ‘பெண்’ என இருந்தால் இயல்பானது. இரத்தம் ஒன்றே, படிவத்தின் ஒரு கட்டம் அதனை எதிர்பாராததாக்கிவிடுகிறது.

3. அட்டவணையின் இலக்கணம்

2017-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறியில் மாற்றங்கள் ஓர் அட்டவணையாகத் தரப்பட்டுள்ளன. மாற்றம், தொடங்கும் காலம், உச்சம் அடையும் காலம் என அதற்கு மூன்று பத்திகள். உடற்கொழுப்பு இடம் மாறி அமைதல் 3 முதல் 6 மாதங்களில் தொடங்கி 2 முதல் 3 ஆண்டுகளில் உச்சம் அடையும். தசைத் திரளும் வலிமையும் குறைதல் அதே காலத்தில் தொடங்கி 1 முதல் 2 ஆண்டுகளில் உச்சம் அடையும். மார்பக வளர்ச்சிக்கும் 3 முதல் 6 மாதங்கள், 2 முதல் 3 ஆண்டுகள். முகத்திலும் உடலிலும் உள்ள தடித்த மயிர் குறைவதற்கு 6 முதல் 12 மாதங்களும், உச்சத்துக்கு 3 ஆண்டுகளுக்கு மேலும் ஆகும். தோல் மென்மையாதல் உச்சம் அடையும் காலம் ‘அறியப்படவில்லை’ எனக் குறிக்கப்பட்டுள்ளது. நேர்மையான குறிப்பு அது.

மொழியியல் நோக்கில் இவ்வட்டவணையில் இரு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, குரல் மாற்றம் என்னும் வரிக்கு எதிரே ‘இல்லை’ என்றிருப்பது. நிகழாத மாற்றத்துக்கு ஒரு வரி ஒதுக்குவது வீண் அன்று. ஆண் ஹார்மோனால் பருவ வயதில் தடித்த குரல்வளை, ஈஸ்ட்ரோஜனால் மீண்டும் சிறுப்பதில்லை. குரல் மாறும் என்னும் எதிர்பார்ப்பு வாசகரிடம் இருப்பதைப் பனுவல் அறிந்து அதனை மறுக்கிறது. நிகழ்ந்தும் எதிர்பாராதவை இருப்பதுபோல, எதிர்பார்த்தும் நிகழாதவையும் உண்டு என இவ்வரி ஒப்புக்கொள்கிறது. மொழிபெயர்ப்பில் ‘குரல் மாற்றம் – இல்லை’ எனச் சுருக்கினால் அச்சுப் பிழையோ எனத் தோன்றும். ‘இம்மருந்தால் குரல் மாறாது’ என வினைமுற்றாக்குவதே தெளிவு.

இரண்டாவது, அட்டவணை காலத்தைக் கூறுகிறது, அளவைக் கூறுவதில்லை. ‘உச்சம்’ என்னும் சொல் மிகுதியை உணர்த்துவதால், பெரிய மாற்றம் வரும் என வாசகர் கொள்ளக்கூடும். 229 திருநங்கையரை முன்னோக்கி ஆராய்ந்து ஐரோப்பிய மருத்துவ மையங்கள் சில 2018-இல் வெளியிட்ட ஆய்வு, முதல் ஆண்டில் மார்பக வளர்ச்சி மிதமானதே என்றும், அதன் பெரும்பகுதி முதல் 6 மாதங்களில் நிகழ்ந்தது என்றும் காட்டியது. அட்டவணையை மட்டும் படித்தவர்க்கு இந்த மிதமே எதிர்பாராதது. ஏமாற்றத்துக்கு மருந்து மட்டும் காரணம் அன்று. அளவு கூறாத ஒரு பத்தித் தலைப்பும் காரணம்.

4. இரு பட்டியல்களுக்கு இடையே

அதே வழிகாட்டு நெறி, இடர்களைத் தனி அட்டவணையில் தருகிறது. இரத்தக்கட்டு மிகு இடராகவும், பித்தக்கல், இதயத் தமனி நோய், பெரிய புரோலாக்டின் கட்டி முதலியன மிதமான இடர்களாகவும் அதில் வகுக்கப்பட்டுள்ளன. ஆக, ஒரு மாற்றம் பனுவலுக்குள் நுழைய இரு வாயில்கள் உள்ளன: பயனாக நுழையலாம், இடராக நுழையலாம். இரண்டும் அல்லாதன வெளியே நிற்கின்றன.

மருந்து உட்கொள்வோர் கூறுபவற்றுள் அவ்வாறு வெளியே நிற்பன பல. உடல் வாடை மாறியது. முன்னைவிட எளிதில் குளிர்கிறது. நுகர்ச்சி வேறாகத் தோன்றுகிறது. காலணி தளர்ந்துவிட்டது என்பன அடிக்கடி கேட்கப்படுகின்றன. இவற்றுள் சிலவற்றுக்கு உடலியங்கியல் காரணம் கூற இயலும். தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளும், பருவ வயதில் செயற்படத் தொடங்கும் அக்குள் வியர்வைச் சுரப்பிகளும் ஆண் ஹார்மோன்களுக்கு உட்பட்டவை. ஹார்மோன் மருத்துவத்தில் எண்ணெய்ச் சுரப்புக் குறைவதை 2000-இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியுள்ளது. காலணி பற்றிய கூற்று வேறு வகையினது. வளர்ச்சி முடிந்த எலும்பின் நீளம் ஹார்மோனால் குறைவதில்லை. ஆகவே கூறப்படும் மாற்றம் மென்திசுக்களில் நேர்ந்ததா, வேறு காரணத்தாலா என்பதை அளந்தே கூற முடியும். கேட்டதை எல்லாம் மருந்தின் விளைவாகக் கொள்வதும் பிழை. பட்டியலில் இல்லை என்பதால் நிகழவில்லை எனக் கொள்வதும் பிழை.

இவ்விடத்தில் தமிழ் இலக்கணம் ஒரு வெளிச்சம் தருகிறது. பட்டியலில் உள்ளவை பெரும்பாலும் ‘மார்பகம் வளர்ந்தது’, ‘மயிர் குறைந்தது’, ‘தசை மெலிந்தது’ என எழுவாய் வேற்றுமையில் கூறத்தக்கவை. பிறர் காணவும் அளக்கவும் இயல்பவை. வெளியே நிற்பவற்றுள் பல ‘எனக்குக் குளிர்கிறது’, ‘எனக்கு அந்த வாசனை பிடிக்கவில்லை’ என நான்காம் வேற்றுமை கொண்டு அனுபவிப்பவரைச் சுட்டி நிற்பவை. அனுபவிப்பவரை நீக்கினால் வாக்கியமே நில்லாது. பாலியல் விருப்புக் குறைதல் அகநுகர்வாயினும் பட்டியலில் இடம்பெற்றுள்ளது என்பது இதற்கு விலக்கு. மருத்துவர் தாமே வினவும் செய்தி அது என்பது காரணமாகலாம். வினவப்படாத நுகர்வுகளே மிகுதியும் விடுபடுகின்றன.

5. காலம் மாற்றும் எல்லை

எதிர்பார்ப்பின் எல்லை நகரக்கூடியது. சைப்ரோட்டீரோன் அசிட்டேட் உட்கொண்டோரிடம் மூளையுறைக் கட்டி காணப்பட்டமை முதலில் தனித்தனி அறிக்கைகளாகவே வந்தது. பின்னர் மருந்துக் குறிப்பேட்டில் எச்சரிக்கையாயிற்று. மொத்த அளவு கூடக்கூட இடர் கூடுவதை ஏற்று, ஐரோப்பிய மருந்து முகமை 2020-இல் நாளொன்றுக்கு 10 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ள பயன்பாட்டைக் கட்டுப்படுத்தப் பரிந்துரைத்தது. ‘எதிர்பாராத’ என்பது ஒரு காலகட்டத்தின் நிலை மட்டுமே என்பதற்கு இது சான்று. நிலை மாறுவதற்கு யாரோ ஒருவர் கூறியது முதலில் எழுத்தில் பதிவாக வேண்டும்.

இந்தியாவில் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010 முதல் நடைபெற்று வருகிறது. மருந்து உட்கொள்வோர் தாமே நிரப்பும் படிவமும் உள்ளது. அவர்கள் எழுதும் வாக்கியம் பின்னர் மெட்ரா என்னும் பன்னாட்டு மருத்துவச் சொற்றொகுதியின் ஒரு சொல்லாகக் குறியிடப்படுகிறது. ‘உடம்பு வாடை மாறிவிட்டது’ என ஒருவர் எழுதினால், அத்தொகுதியில் அதற்கு அணித்தாக உள்ள சொல் ‘தோல் வாடை இயல்பு பிறழ்ந்தமை’ என்னும் பொருளது. மாற்றம் என்றது பிறழ்ச்சி ஆகிவிடுகிறது. குறியிடுதலும் ஒரு மொழிபெயர்ப்பே. ஆனால் அதனை மொழிபெயர்ப்பாகக் கருதி ஆராய்வார் குறைவு.

6. மொழிபெயர்ப்பாளர் கவனத்துக்குரியவை

அ) மென்மை. ஆங்கில மருத்துவ வழக்கில் தோல் மிருதுவாதலைக் குறிக்கும் சொல் வேறு; அழுத்தினால் வலித்தலைக் குறிக்கும் சொல் வேறு. பின்னதற்கு அகராதியில் ‘மென்மை’ என்னும் பொருளும் இருப்பதால் ‘மார்பக மென்மை’ எனப் பெயர்க்கும் இடர் உண்டு. மார்பகம் அரும்பும்போது காம்பின் அடியில் சிறு கட்டிபோல் திரண்டு தொட்டால் வலிப்பதே அங்குக் கருதப்படுவது. ‘மென்மை’ எனப் படித்தவர் வலி கண்டதும் அஞ்சுவார். பெயர்ப்பில் உண்டான எதிர்பாராமை இது.

ஆ) வாடை. ‘நாற்றம்’ பழந்தமிழில் நன்மணத்துக்கும் உரியது. இன்று இழிபொருளில் மட்டும் வழங்குகிறது. ‘வாசனை’ உயர்வுப் பொருள் தருகிறது. மாற்றம் நன்றோ தீதோ எனக் கூறாதவிடத்து ‘உடல் வாடை’ ஓரளவு நடுநிலை தருகிறது.

இ) ‘-லாம்’ ஈறு. இது வாய்ப்பையும் இசைவையும் ஒருங்கே உணர்த்தும். ஸ்பைரோனோலாக்டோன் சிறுநீர்ப்பெருக்கி ஆதலின் ‘நீங்கள் அடிக்கடி சிறுநீர் கழிக்கலாம்’ என எழுதினால் அனுமதி போலத் தோன்றும். ‘சிறுநீர் அடிக்கடி வரக்கூடும்’ என்பதில் ஐயமில்லை.

ஈ) துணைவினை. ‘மயிர் குறையும்’, ‘குறைந்துவரும்’, ‘குறைந்துவிடும்’ ஆகிய மூன்றும் ஒரே பெயர்த்தொடருக்கு வரக்கூடிய பெயர்ப்புகள். ‘விடு’ முற்றுப்பேற்றை உணர்த்துவதால் உறுதிமொழியாகிறது. முகமயிர் இம்மருந்தால் முற்றும் நீங்குவதில்லை. அதற்கு மின்முறையோ லேசரோ தேவை. ‘குறைந்துவரும்’ என்பதே உண்மைக்கு அணித்து.

உ) பெயரடை. ‘பெண்ணாக்கும் மருத்துவம்’ என்பதில் ஆக்கப்படுவது ஆள் எனப் பொருள்படும். தம்மைப் பெண்ணாக முன்னரே உணர்ந்தவர்க்கு அது பொருந்தாது. ‘உடலை’ என்னும் செயப்படுபொருளை வெளிப்படக் கூறுவது நன்று.

7. முடிவுரை

இவை அனைத்தினும் பெரிதாகக் கருதத்தக்க ஒன்று உண்டு. ‘எதிர்பாராத மாற்றங்கள்’ என்னும் ஒரே தலைப்பின்கீழ்க் குளிர் தாங்காமையும், ஒரு காலில் மட்டும் தோன்றும் வீக்கமும் வலியும் அடுத்தடுத்து அச்சிடப்படுமானால் இரண்டும் ஒரு தரத்தனவாகத் தோன்றும். முன்னது பொறுத்திருந்து மருத்துவரிடம் கூறத்தக்கது. பின்னது இரத்தக்கட்டின் அறிகுறியாகலாம். திடீர் மூச்சுத்திணறலைப் போலவே உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியது. இந்தியாவில் மருத்துவர் மேற்பார்வையின்றிக் கருத்தடை மாத்திரைகளை ஹார்மோனாக உட்கொள்வோர் உள்ளனர். அவற்றில் பொதுவாக உள்ள எதினைல் எஸ்ட்ரடையால், இரத்தக்கட்டு இடர் மிகுதியால் வழிகாட்டு நெறிகளால் விலக்கப்பட்டது. அவர்கள் கையில் கிடைக்கும் தமிழ்த் தாள் ஒன்றே ஒன்றாக இருக்கலாம். அதில் ‘எதிர்பாராத’ என்னும் தலைப்பை நீக்கி, ‘பட்டியலில் இல்லாவிடினும் பலர் கூறுபவை’, ‘காரணம் இன்னும் அளந்தறியப்படாதவை’, ‘உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டியவை’ என மூன்றாகப் பகுப்பது மொழிபெயர்ப்பாளர் வரம்பை மீறுவதாகாது. மூலத்தின் நோக்கத்தை நிறைவேற்றுவதேயாகும்.

சென்னை உயர்நீதிமன்றத்தில் நடைபெற்ற ஒரு வழக்கையொட்டித் தமிழக அரசு 2022-இல் பாலினச் சொற்களுக்கான தொகுப்பை அரசிதழில் வெளியிட்டது. மாந்தரை மதிப்புடன் அழைக்கும் சொற்களுக்கு அது வழிவகுத்தது. அவர்கள் உடலில் நேர்வனவற்றைக் கூறும் சொற்களுக்கும் அத்தகைய தொகுப்பு வேண்டும். அதற்கான தரவுகள் ஆங்கில அட்டவணைகளில் கிடைக்கமாட்டா. திருநங்கையர் தம் உடல் பற்றித் தமக்குள் பேசும் தமிழில் அவை உள்ளன. களப்பணி அங்கிருந்து தொடங்குதல் வேண்டும்.